மழலைக் கைங்கர்யம்

கைங்கர்யம் என்றவுடன் பெரியோர்களுக்கு நினைவில் வருவன திருமஞ்சனம், தளிகை, புஷ்ப கைங்கர்யம், ஸ்ரீபாதம் தாங்குதல் முதலியவை. இவை யாவும் வயது வந்தவர்களுக்கே உரியவை. மூன்று வயதும் ஐந்து வயதும் ஆன குழந்தைகளுக்கு எம்பெருமான் திருநாளில் என்ன இடம் என்ற கேள்வி பல இல்லங்களில் எழுவதே இல்லை. ஸ்ரீஜயந்தியன்று அடுக்களையில் எண்ணெய்ச் சட்டி காயும்போது, 'தொடாதே, மடி' என்பதும், 'அந்தப் பக்கம் போய் விளையாடு' என்பதுமே அவர்கள் காதில் விழுகின்றன. திருவாராதனம் முடிந்தபின் இரண்டு சீடையும் ஒரு முறுக்கும் கையில் கிடைக்கின்றன. அவதரித்தவன் குழந்தை, அவன் பிறந்தநாளில் குழந்தைகள் மாத்திரம் வாசற்படிக்கு அப்பால் நிற்கின்றார்கள். இது ஸம்ப்ரதாயத்திற்கு ஒத்ததுதானா என்பதைப் பூர்வாசார்யர்களின் அநுஷ்டானத்தைக் கொண்டே பார்க்க வேண்டும்.

எம்பெருமானார் (1017–1137) திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில் நடந்ததாக வியாக்கியானங்களை ஒட்டி வழங்கும் ஐதிஹ்யம் ஒன்று உண்டு. மாதுகரத்திற்காகத் திருவீதியில் அவர் எழுந்தருளும்போது, சிறு பிள்ளைகள் சிலர் புழுதியில் விளையாடிக் கொண்டிருந்தார்கள். மண்ணில் கோடு கிழித்து, 'இது கோயில், இது பெருமாள்' என்று வகுத்துக்கொண்டு, மணலையே அமுதாக ஸமர்ப்பித்து, பெரியவர்கள் செய்யும் க்ரமங்களையெல்லாம் தங்களுக்குத் தெரிந்த மட்டில் செய்து முடித்திருந்தார்கள். ஜீயர் வருவதைக் கண்டதும், ப்ரஸாதம் பெற்றுக்கொள்ளும்படி அழைத்தார்கள். உடையவர் சிரித்துவிட்டு அப்பால் போகவில்லை. 'பெருமாள் பெயரை விளையாட்டாக்கலாமா' என்று அதட்டவும் இல்லை. அந்தக் கோடுகளின் முன் தண்டனிட்டு, அந்த மணலைத் தம் பாத்திரத்திலேயே ஏற்றுக்கொண்டார் என்பர்.

அடியார் எந்த உருவத்தை உகக்கின்றார்களோ அதுவே அவனுக்குத் திருமேனி, எந்தப் பெயரை உகக்கின்றார்களோ அதுவே அவனுக்குத் திருநாமம் என்பது பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதியில் வரும் கருத்து. அதை விளக்கும் இடத்திலே இந்த வரலாறு எடுத்துக்காட்டாக வழங்குகிறது. சிற்ப சாஸ்திரப்படி அமைந்து, ஆகமப்படி ப்ரதிஷ்டையான அர்ச்சையை நித்தியம் ஸேவித்து வந்தவர் எம்பெருமானார். கோயிலொழுகை வகுத்து, எந்தக் கைங்கர்யம் எவர் எப்போது செய்வது என்பதைக் கண்டிப்பாக நடத்தியவரும் அவரே. அப்படிப்பட்டவர் புழுதிக் கோட்டின் முன் விழுந்தார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. விதி தளர்ந்த ஒருவர் செய்திருந்தால் இதற்கு அவ்வளவு மதிப்பில்லை.

இனி ஆழ்வார்களின் வழியைப் பார்க்கலாம். திருப்பல்லாண்டும் சேர்த்துப் பெரியாழ்வார் அருளிய 473 பாசுரங்களில் முற்பகுதி முழுவதும் ஒரு வீட்டில் குழந்தை வளரும் கதையே. ஆயர்பாடியில் பிறந்த மங்கலத்தைச் சொல்லி, திருவடி தொடங்கித் திருமுடி வரை ஒவ்வோர் அங்கமாகக் காட்டி, தாலாட்டி, அம்புலியை அழைத்து, செங்கீரை ஆடச் சொல்லி, சப்பாணி கொட்டச் சொல்லி, தளர்நடை நடக்கச் சொல்லி, காது குத்தி, நீராட்டி, குழல் வாரக் காக்கையைக் கூப்பிட்டு, பூச்சூட்டி, அந்தியில் கண்ணேறு படாமல் காப்பிட்டு முடிகின்றது அந்த வரிசை. வேதாந்தத்தில் துறைபோனவர், பாண்டியன் ஸபையில் பரதத்துவ நிர்ணயம் செய்து பொற்கிழி அறுத்தவர், காக்கையைக் கூப்பிட்டுக் கொண்டு நிற்கிறார்!

அவருடைய தாலாட்டிலே தேவர்கள் குழந்தைக்கு விளையாட்டுப் பொருள்களும் அணிகளும் அனுப்புகின்றார்கள். பிரமன் மணிகள் இழைத்த பொற்றொட்டிலை அனுப்புகிறான். குபேரன் ஐம்படைத் தாலியும் ஆரமும் கொண்டு வருகிறான். வருணன் முத்து வடம் தருகிறான். திருமகள் துழாய்க் கண்ணியும் கற்பகப் பூமாலையும், நிலமகள் கச்சும் சிறு பொற்சுரிகையும் விடுக்கின்றார்கள். துர்க்கை மஞ்சளும் மையும் சிந்தூரமும் எடுத்து வருகிறாள். ஒவ்வொருவரும் தம் நிலைக்குத் தகுந்த ஒன்றைக் கொண்டுவந்து நிற்கிறார்கள். வெறுங்கையோடு வந்தவர் இல்லை. இந்த வரிசையில் நம் வீட்டுக் குழந்தைக்கும் ஓர் இடம் இருக்கலாகாதா என்பதே கேள்வி.

ஐம்படையையே எடுத்துக்கொள்ளலாம். சங்கு, சக்கரம், வாள், தண்டு, வில் என்னும் ஐந்து ஆயுதங்களின் சிறு வடிவங்களைக் கோத்துக் குழந்தையின் கழுத்தில் காப்பாக அணிவிப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். மணிமேகலையிலும் ஐம்படை அணிந்த குழந்தையைக் காண்கிறோம். இன்று பொன்னில் செய்து போடுவார் அரிது. தடித்த அட்டையில் ஐந்து உருவங்களையும் வரைந்து கொடுத்தால் ஆறு வயதுக் குழந்தை தானே கத்தரித்து, மஞ்சள் பூசி அல்லது பொன்நிறக் காகிதம் ஒட்டி, நூலில் கோத்துவிடும். பாஞ்சஜன்யம், ஸுதர்சனம், நந்தகம், கௌமோதகி, சார்ங்கம் என்ற ஐந்து திருநாமங்களும் அந்த ஒரு மாலைப்பொழுதில் வாயில் படிந்துவிடும். மனப்பாடம் செய் என்று உட்கார்த்தி வைத்தால் ஒரு வாரம் ஆகும், கசப்பும் சேரும். இரவில் தூங்கும்போது மாத்திரம் கழுத்து நூலைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் ஆயச் சிறுவர்கள் கன்று மேய்க்கப் புறப்படும் காலைப்பொழுது வருணிக்கப்படுகின்றது. தாய்மார்கள் அவர்களுக்குக் கண்ணாடி மணியும் குன்றிமணியும் இரத்தினமும் பொன்னும் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். அவை போதவில்லை. காட்டுக்குப் போனவுடன் காயும் தளிரும் பூங்கொத்தும் மயிற்பீலியும் மலைத்தாதுவின் நிறமும் தேடி எடுத்து மறுபடி தங்களை அலங்கரித்துக் கொள்கிறார்கள். வாங்கிக் கொடுத்த அணியைவிடத் தான் கண்டெடுத்த இறகு குழந்தைக்கு உயர்ந்தது என்பதை வியாஸர் அறிந்திருந்தார். பரமபதநாதனும் அந்த விளையாட்டில் கலந்து, பீலியையே திருமுடிக்கு அடையாளமாக வைத்துக் கொண்டான்.

ஆகவே ஸ்ரீஜயந்திக்கு நான்கு நாள் முன்பாகவே குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஊர்ப்புறம் போய் வருவது நன்று. உதிர்ந்த மயிலிறகு எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் பூவரச இலை கிடைக்கும். சுருட்டி ஊதினால் அதுவே வேய்ங்குழல். தென்னங்கீற்றில் கிளியும் காற்றாடியும் செய்யத் தெரிந்த பாட்டனார் ஒருவர் தெருவில் இன்னும் இருப்பார். அவருக்கும் அது ஓர் உத்ஸவம். ஆலமரத்தடியில் நல்லதாக ஓர் இலை தேடச் சொல்லலாம். களிமண்ணில் விரல் நீளத்திற்கு ஒரு குழந்தையைப் பிடித்து, காற்பெருவிரலை வாயில் வைத்த கோலத்தில் அந்த இலைமேல் கிடத்தினால், ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிகொண்டிருக்கும் வடபத்ரசாயியின் திருநாமத்திற்குப் பொருள் சொல்ல வேறு ஆசிரியர் வேண்டாம். வாழைப்பட்டையை வளைத்து நாரால் கட்டினால் தொட்டில் ஆகும். குன்றிமணி அழகானதுதான், ஆனால் அதன் பருப்பு கொடிய நஞ்சு. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டில் அதைக் கொண்டுவரவே வேண்டாம்.

மதுரையை அடுத்த விளாச்சேரியில் தலைமுறை தலைமுறையாக மண்பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் கையால் வரும் வெண்ணெய்க் கண்ணனை வாங்கி வைப்பது அவர்களையும் ஆதரித்ததாகும். ஆனால் அதன் பக்கத்திலே, மூக்கு கோணி, ஒரு கை பெரிதும் ஒரு கை சிறிதுமாகக் குழந்தை பிடித்த கண்ணனும் இருக்கட்டும். நித்திய திருவாராதனம் கண்டருளும் ஸாளக்ராமத்தோடும் அர்ச்சையோடும் ஒரே பீடத்தில் வைக்க வேண்டுவதில்லை. கீழே தனிப் பலகை போட்டு, கோலமிட்டு, அதன்மேல் எழுந்தருளப் பண்ணலாம். சுடாத மண் ஆதலால் உத்ஸவம் முடிந்தபின் துளசி மாடத்தடியில் நீரூற்றிக் கரைத்துவிடலாம். குழந்தை அழுதால் அடுத்த ஆண்டு வரை அலமாரியில் இருக்கட்டும், குற்றமில்லை.

திருவடிக் கோலம் இடுவது குழந்தைகளுக்கென்றே அமைந்த கைங்கர்யம். ஊறவைத்த பச்சரிசியை நைய அரைத்துக் கரைத்த மாவில், மூடிய கைமுட்டியின் சுண்டுவிரல் பக்கத்தைத் தோய்த்துத் தரையில் பதித்தால் பாதம். அதன் மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் விரல்கள். வலக்கை முட்டி ஒரு பாதத்திற்கும் இடக்கை முட்டி மற்றொரு பாதத்திற்கும். பெரியவர்கள் முட்டியால் இட்டால் வருவது சற்றுப் பெரிய பிள்ளையின் அடி. நான்கு வயதுக் குழந்தையின் முட்டியால் இட்டால்தான் தவழ்ந்து எழுந்து தளர்நடை இடும் பாலகனின் அடி வருகின்றது! இதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் மறுபடி அந்த வேலையைத் தாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாசலிலிருந்து பெருமாள் ஸந்நிதி வரை நேர்கோட்டில் வராது. நடுவே கூடத்துத் தூணைச் சுற்றிக்கொண்டு போகும். கண்ணன் நேராக நடந்தான் என்று யார் சொன்னார்?

சில இல்லங்களில் குழந்தையின் காலையே மாவில் தோய்த்து நடக்க விடுவதுண்டு. திருவடி என்று நினைத்து இடும் இடத்தில் மனுஷ்யக் குழந்தையின் காலா என்று ஆக்ஷேபம் சொல்லும் பெரியோர்களும் உண்டு. அவரவர் குல வழக்கத்தை அநுசரிப்பதே முறை. தரை வழுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீடையின் விஷயம் சற்று விரித்துச் சொல்லத் தக்கது. அரிசி மாவும் வறுத்தரைத்த உளுத்தம் மாவும் இருமுறை சலித்து, வெண்ணெயும் எள்ளும் தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துப் பிசைந்து உருட்டும்போது, நன்றாக அழுத்தி வழவழப்பாக உருட்டிய உருண்டைதான் எண்ணெயில் வெடிக்கும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே போக வழியில்லாமையே காரணம். லேசாக உருட்டி, மேலே சிறு வெடிப்போடு விட்ட உருண்டையில் ஆவி தானாகக் கசிந்து போய்விடும். கைபழகிய மாமியார்கள் புது மருமகளுக்கு முதலில் சொல்வது, 'இறுக்கி உருட்டாதே' என்பதைத்தான். குழந்தையின் கைக்கு இறுக்கி உருட்டும் வலிவு இயல்பாகவே கிடையாது. அழகில்லை என்று பெரியவர்கள் வாங்கி மறுபடி உருட்டுகிறார்களே, அந்த உருண்டைதான் உண்மையில் சரியானது. அளவு மட்டும் கோலிக்குண்டுக்கு மேற்படாதபடி ஒன்றை மாதிரியாக உருட்டி முன்னால் வைத்துவிட வேண்டும். பெரிதானால் உள்ளே வேகாது. பிறகு துணியில் பரப்பி உலரவிட்டு, எண்ணெயில் இடுவது பெரியவர் வேலை. அடுப்பின் அருகே குழந்தை வரவே கூடாது. 'தொடாதே' என்ற சொல்லுக்கு அன்று உரிய இடம் அது ஒன்றுதான். மூன்று நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சீடையை முழுசாகக் கொடுக்காமல் பொடித்துக் கொடுப்பதும் அவசியம். தொண்டையில் அடைத்துக் கொள்ளும்.

மடி என்ன ஆவது என்று கேட்கப்படும். நியாயமான கேள்வியே. ஆசாரம் வேண்டாம் என்பது இங்கே கருத்தன்று. நீராட்டித் தோய்த்துலர்ந்த ஆடை கட்டி, கை கழுவச் செய்து உட்கார்த்தினால் குழந்தை உருட்டுவதற்குத் தடை என்ன? குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்ற அச்சம் இருந்தால், மாவில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வேறு பாத்திரத்தில் கொடுத்துவிடலாம். அது கண்டருளப் பண்ணுவதற்கு அன்று; குழந்தையின் பெருமாளுக்கு. திருவாராதனம் மாலையிலோ இரவிலோ நடக்கும் இல்லங்களில் குழந்தைகளைப் பசியோடு காக்க வைப்பது இதைவிடப் பெரிய தவறு. வேளைக்கு அமுது ஊட்டிவிட்டால், பலகாரத்திற்கு அவர்கள் தாமே பொறுத்திருப்பார்கள். பசித்து அழுத குழந்தையின் முன்னால் வெண்ணெய்க்கு அழுத குழந்தையின் கதையைச் சொல்வதில் ரஸமில்லை.

குலசேகராழ்வார் அருளிய 105 பாசுரங்களில் ஒரு திருமொழி தேவகியின் புலம்பல். மதுரைச் சிறையில் நள்ளிரவில் பெற்ற பிள்ளையை அன்றிரவே யமுனைக்கு அப்பால் அனுப்பியவள் அவள். பிள்ளை வளர்ந்து கம்ஸனை முடித்துத் திரும்பியபின், இழந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். தாலாட்டப் பெறவில்லை. 'உன் தகப்பனார் யார்' என்று பெண்கள் கேட்க, குழந்தை விரலாலும் கடைக்கண்ணாலும் காட்டும் பாக்கியம் நந்தகோபனுக்குக் கிடைத்தது; வஸுதேவருக்குக் கிடைக்கவில்லை. சிறு விரல்களால் அளைந்து, வாரி உண்டு, மிச்சம் வைத்த சோற்றை உண்ணப் பெறவில்லை என்று அழுகிறாள். இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ராஜகுலத்தில் பிறந்தவள், ஸர்வேச்வரனைக் கர்ப்பத்தில் தாங்கியவள், எதற்கு ஏங்குகிறாள்? குழந்தை அளைந்த எச்சில் சோற்றுக்கு! உலகமே வணங்க நிற்கும் பிள்ளை எதிரே இருந்தும், அந்தச் சில ஆண்டுகள் திரும்பி வருவதாக இல்லை. வெண்ணெய் பூசிய வாயும், தாம்புக் கயிற்றுக்கு அஞ்சிய கண்ணும், தொழுத சிறு கைகளும் யசோதை ஒருத்தியே கண்ட செல்வம்.

தேவகிக்குக் கம்ஸன் தடையாக இருந்தான். இன்றைய இல்லங்களில் ஒரு விலங்கும் இல்லை; குழந்தை பக்கத்து அறையிலேயே இருக்கிறது. பலகாரம் கடையிலிருந்து வந்துவிடுகிறது. திருவடி அச்சிட்ட தாளாக வந்து தரையில் ஒட்டப்படுகிறது. குழந்தையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனாரும் அலங்காரத்தை முடித்துப் படம் எடுக்கிறார்கள். வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் தாய் கடைச் சீடையை வாங்கினால் அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஒரு கிண்ணம் மாக்கோலத்தைக் கரைத்துக் குழந்தையின் கையருகே வைக்கக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணியைத்தான் தேவகி கேட்டாள்.

சிறுவர் செய்தது கோணலாக இருக்கிறதே, விருந்தினர் வந்து பார்ப்பார்களே என்று கூசுபவர்கள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயச் சிறுமியர் நுண்ணிய வெண்மணலைத் தெள்ளி, தெருவில் சிற்றில் இழைத்திருக்கிறார்கள். முதுகு நோக நாள் முழுதும் குனிந்திருந்து செய்த வேலை. கண்ணன் வந்து சிதைக்க நிற்கிறான். சிதைக்காதே என்று மன்றாடுகிறார்கள். ஆண்டாள் அந்த மணல் வீட்டை அற்பமென்று நினைக்கவில்லை. பத்துப் பாசுரம் அதற்காகவே அருளினாள். குழந்தை கட்டியதை, 'இடத்தை அடைக்கிறது' என்று கூட்டித் தள்ளும் பெரியவர்களுக்குச் சிற்றில் சிதைத்த குற்றம் உண்டு. ஆனால் கண்ணனுக்கு இருந்த மன்னிப்பு அவர்களுக்குக் கிடையாது.

மறுநாள் உறியடி. தஞ்சை மாவட்டத்து வரகூரில் நடக்கும் உறியடி உத்ஸவம் பெயர் பெற்றது. க்ருஷ்ண லீலா தரங்கிணி அருளிய நாராயண தீர்த்தரோடு தொடர்புடைய ஊர் அது. பெரிய கோயில்களில் இளைஞர்கள் வழுக்குமரம் ஏறுவதையும், தண்ணீரை வாரி அடிக்க அதன் நடுவே உறியை எட்டுவதையும் குழந்தைகள் தோளில் அமர்ந்து பார்க்கிறார்கள். வீட்டு முற்றத்தில் அவர்களுக்கென்று ஒரு சிறு உறி கட்டலாம். மண்கலயம் உடைந்தால் ஓடு காலில் குத்தும். தென்னங்கீற்றால் பின்னிய குடலையோ காகிதம் ஒட்டிய கூடையோ போதும். உள்ளே அவலும் வெல்லமும் பொரியும், நேற்று அவர்கள் உருட்டிய சீடையில் மீந்ததும். கயிற்றை உத்தரத்தில் போட்டு ஒரு முனையைத் தாத்தா பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிய பிள்ளை எட்டும்போது மேலே இழுத்து, கடைக்குட்டி எட்டும்போது அவனுக்குத் தெரியாமல் தாழ விட வேண்டும்.